நான்காவது துண்டு

தலைமை நூலகர் காலையிலிருந்து புத்தகங்களை உதறிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி இரண்டு உலுக்கு. ஒரு பேருந்துச் சீட்டு விழுந்தது, காய்ந்த இலை விழுந்தது, யாரோ யாருக்கோ கொடுக்காமலே விட்ட காதல் கடிதம் விழுந்தது. அவர் தேடியது மட்டும் விழவில்லை.

தாளின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அதை நாலாகக் கிழித்துப் எண் குறித்துப் புத்தகத்துக்குள் வைக்கும் சீட்டாக்க வேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு. சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. தும்மலைக்கூடப் பாதியில் நிறுத்தி மறுநாளைக்கு எடுத்துவைப்பார் என்று பேச்சு. உத்தரவுப்படி உதவியாளர், மேசையில் கிடந்த கடித வரைவையும் நாலாக்கிவிட்டார். மூன்று துண்டுகள் சீட்டுப் பெட்டியிலேயே கிடைத்தன. நான்காவதில்தான் அந்த வரிகள் இருந்தன: 'பட்டியல் பிரிவு ஊழியர் திக்கிப் பேசுபவர். முன்மேசைப் பதவிக்கு ஏற்றவர் அல்லர். வாசகர்கள் பொறுமை இழப்பர்.' கடிதத்தின் சுத்தப் படி திங்களன்றே மேலிடத்துக்குப் போய்விட்டது.

செவ்வாயன்று, பணியிடத்தில் பன்முகத்தன்மை பற்றி அவரே ஒரு மணி நேரம் பேசினார். எல்லா வகைப் புத்தகத்துக்கும் அலமாரி உண்டு, எல்லா வகை மனிதருக்கும் நாற்காலி உண்டு என்றார். மின்விசிறியே நின்று கேட்டது. மின்வெட்டு என்று சொன்னவர்கள் பொறாமைக்காரர்கள். எல்லோரும் ஓய்ந்த பிறகும், அந்தப் பட்டியல் பிரிவு ஊழியரான பட்டியலம்மா தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாகப் பின்னறையிலேயே புத்தகங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருப்பவர். அந்தக் கைதட்டல் இரண்டு நாளாக நூலகரின் சோற்றில் கல்லாகக் கடிபட்டது.

"என்ன சார், கரையானா?" என்றார் உதவியாளர்.

"ஆமா. படிச்ச கரையான்."

"அப்ப மெதுவா உதறுங்க சார். கோவிச்சுக்கப் போகுது."

இப்போதைக்கு முன்மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் டீ குடிக்கப் போனார். அலமாரி முனையில் பட்டியலம்மா வந்து நின்றார். கையில் ஒரு துண்டுத் தாள்.

"சார், இ... இதுவா?"

நூலகர் கையிலிருந்த புத்தகத்தை உதறுவதை நிறுத்தினார். "அது... சும்மா ஒரு நடைமுறைக்காக..."

"திங்கக்கிழமையே கிடைச்சுது. எண் எழுதிட்டு தி... திருப்பிப் பார்த்தேன்."

"படிச்சுட்டா கைதட்டுன? ஏம்மா?"

"நல்லாத்தான பேசுனீங்க." சிரிக்கவில்லை. "இதுல ஒரு த... த..."

"தகவலா?"

"தப்பு. உதவியாளர் டீ குடிக்கப் போறப்பல்லாம் முன்மேசையில நான்தான் நிப்பேன். வாசகர் யாரும் இதுவரைக்கும் அவசரப்பட்டதில்ல. என் பேச்சை முடிச்சு வைக்கிறது இந்தக் கட்டடத்துல நீ... நீங்க ஒருத்தர்தான் சார்."

நூலகர் கையில் அந்தப் புத்தகம் இன்னும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், அந்தக் கடிதத்தை நீங்க தி... தி..."

'திரும்பப் பெறணும்' என்ற சொல் நூலகரின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சொல்லிவிட்டால் தானே முன்வந்து செய்வதாக ஆகிவிடும். பெருந்தன்மை என்று ஊரும் நம்பும். அந்தம்மாவே சொல்லி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பட்டியலம்மாவின் உதடுகள் அந்த எழுத்திலேயே நின்றன.

முன்மேசையருகே ஒரு வாசகி வந்து நின்றாள். அங்கே ஆளில்லை. சுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து, நின்றபடியே முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.