முதுகுத் திண்டு

ரேஸ் கார் ஷெட்டில் வந்து நின்றதும் அவள் முதலில் கழற்றியது தன் முதுகைத்தான். மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். உயரம் குறைந்த அவளுக்காக, முதுகின் வளைவு பிசகாமல் வார்த்து, மேலே டேப் சுற்றிய திண்டு. அவள் ஓட்டும்போது சீட்டில் இருக்கும். இறங்கினால் கூடவே இறங்கிவிடும்.

மழை பிடித்துவிட்டது. நான்கு டயரும் மாற்றியாயிற்று. அடுத்து ஏற வேண்டிய, முதலாளியின் பையனான குட்டி முதலாளியைத்தான் காணோம்.

"எங்கே அவரு?"

"பாத்ரூம்லக்கா," என்றான் டயர்க்காரன். "மழையைப் பார்த்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு."

நாலு மணி நேர ரேஸ். காருக்கு இரண்டு டிரைவர்; ஆளுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முதலில் வந்தாலும் செல்லாது. இன்னும் ஒரு மணி நேரமும் கொசுறாக ஐந்து நிமிடமும்தான் பாக்கி. அவள் முதலிடத்தில் கொண்டுவந்து விட்ட கார் சும்மா நிற்க, மற்றவை சர்ர் சர்ரென்று கடந்துகொண்டிருந்தன. முதல் மூன்றுக்குள் வந்தால் அடுத்த வருஷமும் சீட் அவளுக்குத்தான் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி டிரைவிங் ஸ்கூல் வேலையை விட்டிருந்தாள்.

திண்டைத் தன் ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, வெளியே வாங்க."

"நான் ஓட்டலை மேடம். செத்துருவேன்."

"செத்துட்டா உங்கப்பா என்னைச் சும்மா விடுவாரா? ரிடையர் ஆன டீச்சர் ஒருத்தங்க எங்கிட்ட மழையிலதான் கத்துக்கிட்டாங்க. ரிவர்ஸ் மட்டும் கடைசி வரைக்கும் வரலை. இங்கே அந்தத் தொல்லையும் கிடையாது. ரேடியோல கூடவே இருக்கேன், வாங்க."

தாழ்ப்பாள் விலகியது. சுண்ணாம்பு அடித்த முகத்தோடு வந்தவனைச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டையும் அவளே இறுக்கினாள். கார் ஆறாவதாகக் கிளம்பியது.

"பிரேக்... இப்பவே... முட்டையை மிதிக்கிற மாதிரி. ஆங், அதான். முன்னாடி இருக்கிற சிவப்பு லைட்டை மட்டும் பாருங்க. மூச்சு விடுங்க தம்பி, சத்தமே காணோம்."

ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. மழையில் மூன்று கார்கள் வழுக்கி மண்ணில் இறங்கின. இவன் மூன்றாவதாக வந்தான். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கோப்பை வாங்கிக்கொண்டு இருவரும் மேடையிலிருந்து இறங்கியபோது, பெரிய முதலாளி குடையோடு காத்திருந்தார்.

"கொட்டற மழையில ஒத்தை ஆளா கொண்டுவந்து சேர்த்துட்டான்யா."

குட்டி முதலாளி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேமரா திரும்பியது, சிரித்தான்.

"இனிமே துணைக்கு ஆள் எதுக்கு? இவன் மச்சானும் ஓட்டணும்னு ஆசைப்படறான். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே ஓட்டட்டும்," என்றார் பெரிய முதலாளி மேனேஜரிடம்.

"செஞ்சிரலாம் சார்," என்றார் மேனேஜர்.

கம்மிய குரலில் அவள் கேட்டாள்: "சார், மூணுக்குள்ள வந்தா சீட்டுன்னீங்களே..."

"வந்தோமேம்மா. யாரு இல்லைன்னு சொன்னா?" என்றபடி மேனேஜர் குடைக்குப் பின்னாலேயே நடந்தார்.

ஷெட்டில் அவளுடைய ஸ்டூலில் மச்சான் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர்க்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் கை காட்டினான்.

"சாருக்கு உட்கார இடம் வேணும்னாங்கக்கா. அதான்..."

வெளியே, தேய்ந்த டயர் அடுக்கின்மேல் திண்டு மல்லாந்து கிடந்தது. அவள் முதுகு பதிந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.