வெந்நீர்க் கணக்கு

பூங்காவின் பக்கவாட்டு வாசலில் ட்ராலியின் முன்சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டது. முத்துலட்சுமி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கி உள்ளே இழுத்தாள். கீழ்த்தட்டில் பேட்டரி, மேல்தட்டில் இன்வெர்ட்டர், இரண்டையும் சேர்த்துக் கட்டிய நீலப் பட்டை. தி.நகரில் அப்பாவின் இன்வெர்ட்டர் கடையில் அவள் கல்லாவில் உட்காருவதில்லை. பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவரோடுதான் உட்காருவாள். இந்த வண்டியை அவளே பூட்டி, அவளே இரண்டு முறை பிரித்து, மறுபடியும் பூட்டியிருந்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அனந்தராமன் மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் முத்துலட்சுமியின் மாமியாருக்கு அண்ணா. அபிராமபுரத்து மார்கழி நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவர்தான் செயலாளர்.

"ஏம்மா முத்து, இதென்ன, ஊருக்குப் போற பெட்டி மாதிரி இருக்கு?"

"இதுதான் மாமா கரண்ட்."

"சத்தமே காணோமே."

"சத்தம் வரக்கூடாதுன்னுதானே மாமா இத்தனை பாடு."

போன வருஷம் ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தவர் மாமாதான். பூங்காவில் மேடைக்கென்று மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரை மேடைக்கு நேர் பின்னால் நிறுத்தினார்கள். அது லாரி மலையேறுகிற மாதிரி உறுமியது. அந்த உறுமலுக்கு மேலே கத்திக் கத்தி, மாமியார் கோமளத்தின் தொண்டை பாதிக் கதையில் அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய தொண்டை அது. ரிட்டயரான பிறகு காலட்சேபம் சொல்ல ஆரம்பித்து, மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் 'கோமளம் டீச்சர் கதை' என்றால் பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அன்றைக்கு அவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மங்களம் பாடாமல் மேடையிலிருந்து இறங்கினாள்.

கதை மயிலாப்பூர்க் கதைதான். சிவன் உபதேசம் செய்யும்போது அம்பாள் ஒரு மயிலைப் பார்த்துக் கவனம் தவறிவிடுகிறாள். நீயே மயிலாகப் போ என்று சாபம். மயிலாய்ப் பிறந்து, புன்னை மரத்தடியில் பூஜை செய்து, தன் உருவத்தைத் திரும்பப் பெறுகிறாள். கோமளம் புன்னை மரம் வரைக்கும்தான் வந்திருந்தாள்.

"அம்பாளை மயிலாவே விட்டுட்டு வந்துட்டேன்டி" என்று அன்று ஆட்டோவில் அவள் சொன்னதை முத்துலட்சுமி மறக்கவில்லை. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் கோமளம் போகவில்லை. தொண்டை சரியாகி ரொம்ப நாளாகியும் போகவில்லை. கபாலி கோயிலில் கூட அம்பாள் சன்னிதியில் நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் எதிரில் உட்கார்ந்து முத்துலட்சுமி சொன்னாள்: "அத்தை, சத்தமே இல்லாம கரண்ட் நான் தரேன். கதையை நீங்க முடிச்சிடுங்க." கோமளம் அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடுவுல நின்னு போச்சுன்னா இந்த ஜன்மத்துல நான் மேடை ஏற மாட்டேன், பார்த்துக்கோ" என்றாள். சம்மதம் அப்படித்தான் வந்தது.

ஆகவே முத்துலட்சுமி பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தாள். ஸ்பீக்கர் இரண்டு, மிக்ஸர், மைக், எல்.ஈ.டி. விளக்குகள், சுருதிப் பெட்டி, மிருதங்கக்காரருக்கு வியர்க்கும் என்பதால் சின்ன மின்விசிறி. எல்லாம் சேர்ந்தும் இன்வெர்ட்டருக்கு அது பாதிச் சுமைதான். ப்ளக் பாயின்ட்டுகளுக்கெல்லாம் டேப் ஒட்டி, யாராவது போனுக்குச் சார்ஜ் கேட்பார்கள் என்று ஒன்றை மட்டும் திறந்து வைத்தாள். மைக் ஸ்டாண்டைத் தோளில் சுமந்து வந்த நிரஞ்சன், "கல்யாணத்தன்னிக்குக் கூட நீ இவ்வளவு டென்ஷனா இல்லையே" என்றான்.

"அன்னிக்கு ஃபெயிலானா உங்களோட போயிருக்கும். இன்னிக்கு உங்கம்மாவாச்சே."

அவன் சிரித்துக்கொண்டே அவள் நெற்றியில் ஒட்டியிருந்த டேப் துண்டைப் பிய்த்து எடுத்தான்.

விளக்குகள் எரிந்தன. கோமளம் அரக்குப் புடவையில் மேடையேறி மைக்கின் முன்னால் நின்றாள். உறுமல் எங்கேயிருந்தாவது வரும் என்று காத்திருப்பவளைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். புன்னை இலை சலசலக்கிற சத்தமும், வெளியே ஸ்கூட்டர் ஒன்று போகிற சத்தமும்தான் வந்தன. அப்புறம் தொண்டையைச் செருமாமலேயே ஆரம்பித்தாள். முத்துலட்சுமி கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டாள். மாமியார் மூச்சை இழுப்பது கூட அங்கே கேட்டது.

கயிலாயம் முடிந்தது. மயில் வந்தது, சாபம் வந்தது. அம்பாள் மயிலாக மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தாள். பின்பாட்டு பாடும் ஸ்ரீரஞ்சனி ஒரு விருத்தம் எடுக்க, மூச்சு வாங்கிக்கொள்ளக் கோமளம் படுதாவுக்குப் பின்னால் போனாள். போன வருஷம் நின்ற இடம் அடுத்து வரப்போகிறது. முத்துலட்சுமி அதை நினைத்த அதே நிமிஷம், பின்னாலிருந்து 'கீ' என்று நீளமாக ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கர்கள் செத்தன. ஸ்ரீரஞ்சனியின் குரல் மட்டும் மெலிந்துபோய், ஆனாலும் நிற்காமல், இருட்டில் தொடர்ந்தது.

முத்துலட்சுமி ஓடினாள். படுதாவுக்குப் பின்னால் இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. போன் டார்ச்சை அடித்தாள். அந்த வெளிச்சத்தில் கோமளம் நின்றிருந்தாள், கையில் எவர்சில்வர் கெட்டில். அதன் வயர் நேராக, திறந்து வைத்திருந்த அந்த ஒரு ப்ளக்கில் போய் முடிந்தது.

முத்துலட்சுமிக்கு எல்லாம் புரிந்தது. ஃப்ளாஸ்க் வெந்நீரில் காபி வாசனை வருகிறதென்று, மாமியார் எந்த மேடைக்கும் கெட்டிலோடுதான் போவாள். அப்போதுதான் கொதித்த நீரில் இரண்டு மிளகைத் தட்டிப் போட்டுக் குடித்தால்தான் அவளுக்குக் குரல். வீட்டில் தினமும் பார்க்கிற விஷயம். அந்தக் கெட்டில் ஒன்றே ஸ்பீக்கர், விளக்கு எல்லாவற்றையும் விட மூன்று மடங்கு கரண்ட் குடிக்கும் என்பது முத்துலட்சுமிக்குத் தெரியும். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கத்தான் தோன்றவில்லை.

"நானாடி?" என்றாள் கோமளம். குரல் மறுபடியும் காற்றாகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க மேடைக்குப் போங்க. இதோ வந்துடும்."

படுதாவை விலக்கிக்கொண்டு மாமா வந்தார். "நான் அப்பவே சொன்னேன். இந்த டப்பாவை நம்பி ஒரு மனுஷியை மேடையில ஏத்தி, இப்படி நடுத்தெருவுல—"

கோமளத்தின் வாய் திறந்தது. முத்துலட்சுமி டார்ச்சைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள். கெட்டில் இருட்டுக்குள் போயிற்று.

"லோடு ஏறிடுச்சு மாமா. என் கணக்குதான் தப்பு."

ப்ளக்கைப் பிடுங்கினாள். ரீசெட்டை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ரிலே 'டக்' என்றது. சிவப்பு பச்சையானது. படுதாவின் அந்தப் பக்கம் வெளிச்சம் பரவ, கூட்டம் 'ஆ' என்றது. ஸ்ரீரஞ்சனி விருத்தத்தின் கடைசி வரியை, எதுவுமே நடக்காத மாதிரி, மைக்கில் முடித்தாள்.

கோமளம் மேடைக்கு நடந்தாள். கெட்டிலைக் கீழே வைக்காமலேயே நடந்தாள். முத்துலட்சுமி "அத்தை" என்று கூப்பிடுவதற்குள் மைக்கின் முன்னால் போய் நின்று, அதை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"கதைக்கு நடுவுல ஒரு உபகதை சொல்றேன். அம்பாள் ஒரு நிமிஷம் மயிலைப் பார்த்துக் கவனம் தப்பினா. கோமளம் ஒரு நிமிஷம் கெட்டிலைப் பார்த்துக் கவனம் தப்பினா. கயிலாயத்துல சாபம் கிடைச்சுது. இங்கே மெட்ராஸே இருட்டாயிடுத்து."

முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பின்னால் வரைக்கும் ஓடியது.

"எங்கண்ணா பேட்டரியைத் திட்டிண்டிருக்கார். என் நாட்டுப்பொண்ணு, தான்தான் தப்புன்னு பழியைத் தூக்கித் தலையில வெச்சுண்டா. ரெண்டும் பொய். சொருகினது நான். அணைச்சது நான். மறுபடி ஏத்தினது அவ. முத்து, இப்படி வந்து நில்லு, எல்லாரும் பார்க்கட்டும்."

கைத்தட்டலில் முத்துலட்சுமி படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் நிரஞ்சன்தான் எழுந்து நின்று தட்டினான். கோமளம் கெட்டிலை அண்ணாவிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் வெச்சுக்கோண்ணா. யார் கையிலயும் குடுத்துடாதே." அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

புன்னை மரம் வந்தது. கோமளம் இரு கைகளையும் விலாவோடு ஒட்டி, சிறகு மடித்த மயிலாக நின்றாள். அலகால் பூவெடுத்து லிங்கத்தின் மேல் வைக்கிற இடத்தில், பூங்காவுக்கு வெளியே தெருவிளக்குகள் அணைந்தன. எதிர் அடுக்குமாடியின் அத்தனை ஜன்னல்களும் ஒரே அடியாக இருண்டன. மின்வெட்டு. டிவிக்களும் ஏசிக்களும் அடங்கிப்போய், தெருவே மௌனமாயிற்று. மேடை விளக்குகள் மட்டும் இமைக்கவில்லை. முத்துலட்சுமி மீட்டரைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. இன்னும் ஒரு கதையே சொல்லலாம்.

அந்த மௌனத்தில் கோமளம் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினாள். பூஜை செய்கிற மயில் தனக்குள் சொல்லிக்கொள்வது போல, அத்தனை மெல்ல. அது வாசல் வரைக்கும் கேட்டது. பால்கனிகளுக்கு வந்தவர்கள் கம்பியில் சாய்ந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக, நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும், வெளிச்சமிருந்த அந்த ஒரே இடத்தை நோக்கி இறங்கி வந்தார்கள்.

படுதாவுக்குப் பின்னால் மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இன்வெர்ட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கெட்டில், அதன் வயர் மணிக்கட்டில் இரண்டு சுற்று. அடுக்குமாடிக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், போன் சார்ஜ் போட ஒரு ப்ளக் கிடைக்குமா?"

மாமா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "எத்தனை வாட்?"

முத்துலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு படுதாவை விலக்கி மேடையைப் பார்த்தாள். மாமியாரின் நிழல் பின்திரையில் பெரிதாக விழுந்திருந்தது. விலாவோடு ஒட்டியிருந்த கைகள் மெதுவாக, மிக மெதுவாக, பிரிந்து எழத் தொடங்கின.