நலோங்கோ வீட்டு டிவி கேட்ட எட்டு எழுத்து

சுவருக்கு அந்தப் பக்கம் தன் குரலே கேட்டதும் நபுகீரா கணக்கு நோட்டை மூடினாள்.

பக்கத்து அறை நலோங்கோவுடையது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் கட்வே பேட்டையின் அந்த வரிசை வீடுகளில் அவளுக்கு அதுதான் பெயர், அவள் புருஷனுக்கு சலோங்கோ. இன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் புது டிவி வந்திருந்தது. அது திரையில் எட்டு எழுத்தைக் காட்டும். போனில் அதை அடித்தால், போனில் இருப்பதெல்லாம் டிவியிலும் வந்துவிடும். அந்த வரிசையில் யார் டிவி வாங்கினாலும் எழுத்தை அடிக்க நபுகீராவுக்குத்தான் அழைப்பு வரும்.

"எங்ககிட்ட இருக்கிறது பட்டன் போனுடி கண்ணு. இப்போதைக்கு உன் போன்லயே போட்டு விட்டுடு" என்றிருந்தாள் நலோங்கோ. நபுகீராவும் அங்கத்து வழக்கப்படி முழங்காலிட்டு வணக்கம் சொல்லி, மளமளவென்று அடித்துவிட்டு, கணக்குப் பாடம் இருக்கிறதென்று ஓடிவந்துவிட்டாள்.

அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவள் போனில் இரண்டு வீடியோ கணக்கு உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. இன்னொன்று யாருக்கும் தெரியாதது. எழுத்தை அடித்தபோது திறந்திருந்தது அதுதான். அதில்தான் சீனத்துச் சண்டைப் படங்களுக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, குரலைத் தடிமனாக்கி, உள்ளூர் மொழியான லுகாண்டாவில் அவளே வசனம் பேசிப் பதிந்து வைத்திருந்தாள், வீடியோ கொட்டகையில் படம் ஓட ஓட மைக்கில் வசனம் பேசும் விஜேக்கள் மாதிரியே.

அம்மாவுக்கு விஜே என்றாலே ஆகாது. "பீரைக் குடிச்சிட்டுக் கத்துறவன் பொழப்பு அது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி? இன்னொரு தடவை அந்தக் கூத்து என் காதுல விழுந்துச்சு, போனைப் புடுங்கிட்டு மசாக்கா கன்னியாஸ்திரிங்ககிட்ட ஹாஸ்டல்ல தள்ளிடுவேன்" என்று போன மாதம்தான் சொன்னாள். சொன்னால் செய்கிறவள். அந்த அம்மா இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"தட்டுல போஷோக் களியை மிச்சம் வச்சா, உங்கப்பனா வந்து திம்பான்?" படத்துத் தளபதி அவள் குரலில் தன் படையைப் பார்த்து உறுமினான். அறையே சிரித்தது. "எடுத்த வாளை எடுத்த எடத்துல வைக்கிறதில்ல! நான் என்ன உங்களுக்கு வேலைக்காரியா?"

யாரோ தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கிற சத்தம் மட்டும் அதில் இல்லை.

டிவியைத் துண்டிக்க நபுகீரா போனைத் தடவினாள். வெளியே மழை, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாமி, சாமி என்று அவள் உதடு முணுமுணுத்தது. ஒரு வழியாக இணைப்பு அறுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் "ஐயோ!" என்று ஒரே கூச்சல்.

"அடியே நபுகீரா! சண்டை நடக்கும்போது நின்னு போச்சுடி! மறுபடியும் எழுத்து கேக்குது, ஓடியா!" என்று கத்தினாள் நலோங்கோ.

போகாமல் இருக்க முடியாது. போய் வாசலிலேயே முழங்காலிட்டாள். அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். இரட்டையரில் ஒருவன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். சலோங்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவன் அந்த விஜேன்னு தெரியல. ஆனா அந்தத் தளபதி இருக்கானே, அப்படியே நம்ம..." என்று ஆரம்பித்தவர், அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்படியே நம்ம யாரு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல தாயி. இருமல்."

நலோங்கோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காலையும் மாலையும் அம்மாவின் அந்தத் திட்டுகளைக் கேட்டே வளர்ந்த வரிசை அது. யாருக்குத்தான் தெரியாது?

அம்மா நபுகீரா பக்கம் திரும்பினாள். "அந்தத் தளபதி பேசுறது பூரா நான் பேசுறது."

நபுகீராவிடம் பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது, வாய்க்கு வரவில்லை. "ஆமாம்மா" என்றாள்.

"அவன் கெட்டவனா?"

"இல்லம்மா."

"கடைசில செத்துடுவானா?"

"இல்லம்மா. எல்லாரும் ஓடிப்போயிடுவாங்க. அவன் ஒருத்தனே நின்னு கோட்டையைக் காப்பாத்துவான்."

அம்மா தன் மடியில் இருந்த பிள்ளையின் தலையைச் சரியாக வைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது.

"போன் எங்க?"

நபுகீரா நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை.

"அம்மா, மசாக்கா..."

"மொதல்ல படம் முடியட்டும். மசாக்கா எங்கயும் ஓடிப்போயிடாது." அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவியைப் பார்த்தாள். "கே... ஏழு... எம்... அடிக்கிறியா, வேடிக்கை பாக்குறியா? பள்ளிக்கூடக் கணக்குல போட்டுத் தொலைக்காத, எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கியே, அந்த இன்னொண்ணுல போடு. ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே இருக்க நான் என்ன உனக்கு வேலைக்காரியா?"

சலோங்கோவால் அதற்கு மேல் இருமலை அடக்க முடியவில்லை.