சத்தமே வராத லேப்டாப்

பெரிய மாப்பிள்ளைக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. மாத்திரையில் அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

எதிர் மேஜையில் சின்ன மாப்பிள்ளை விசிலடித்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கட்டியவர் இவர். தங்கையைக் கட்டியவன் அவன். சகலைகள் இருவரும் சேர்ந்து நடத்துகிற லேப்டாப் ரிப்பேர் கடை. வாசல் பலகையில் இவர் பெயர்தான் முதலில். ஆனால் உள்ளே வருகிறவர்கள், "சின்னவர் இல்லையா?" என்று இவரையே கேட்க ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது.

இப்போது நூலகம் வேறு.

நூலகத்தில் ஓர் அறை நிறையப் பழைய லேப்டாப்கள். தயாரித்த கம்பெனி கைகழுவிவிட்ட மாடல். பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழித்து, மற்ற எல்லாவற்றையும் தட்டி எழுப்புகிற குட்டி மென்பொருள் ஒன்று உண்டே, ஃபர்ம்வேர், அதைக் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. புதிதாக எந்தப் பாகத்தை மாட்டினாலும் மெஷின் அடம் பிடிக்கும். "எடைக்குப் போட்டுடுங்க சார்" என்று கையை விரித்தார் பெரிய மாப்பிள்ளை.

சின்னவன் கையை விரிக்கவில்லை. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் கூடி, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், காசு வேண்டாம் என்று திறந்து வைத்து எழுதுகிற ஃபர்ம்வேர் இருக்கிறது. அதை இந்த மாடலுக்குப் பொருந்தும்படி எழுதியே விட்டான்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. அந்தக் கூட்டத்தில், எழுதியவனே தன் வேலைக்குச் 'சரி' போட்டுக்கொள்ள முடியாது. உரிமை பெற்ற வேறொருவர் வரி வரியாகப் பார்த்துப் போட வேண்டும். அவனுக்கு முன்பே அங்கே போய் அந்த உரிமையை வாங்கி வைத்திருந்தவர் யார்? சாட்சாத் பெரிய மாப்பிள்ளை!

விடுவாரா?

"இந்த வரியில ஒரு இடைவெளி அதிகம்."

திருத்தினான்.

"இந்தக் குறிப்பு தெளிவா இல்ல."

திருத்தினான்.

"மறுபடி இடைவெளி."

சிரித்துக்கொண்டே திருத்தினான். அந்தச் சிரிப்புதான் இவரைப் போட்டு வதைத்தது.

அன்று காலை மறுபடி மேய்ந்தபோது ஓரிடத்தில் கண் நின்றது. இது இடைவெளி இல்லை. நிஜமான ஓட்டை. மூடியைச் சாத்தினால் மெஷின் தூங்கும், திறந்தால் எழும். எழுந்ததும் ஃபேனை மறுபடி ஓடச் சொல்ல வேண்டிய வரியைப் பயல் எழுதவே இல்லை. ஃபேன் ஓடாவிட்டால் உள்ளே அடுப்புதான். கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாக அணைந்துவிடும். தினமும் இப்படி வெந்தால் போர்டே போய்விடும்.

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

'மத்தியானம் நூலகர் வர்றார். அவர் கண்ணு முன்னாடியே அணையட்டும்.'

'சரி' போட்டார்.

"அண்ணே! போட்டுட்டீங்களா?" சின்னவன் நாற்காலியோடு சுழன்றான். "நீங்க தெய்வம்ணே!"

"போதும், வேலையப் பாரு."

நூலகர் வந்தபோது கடையே களைகட்டியிருந்தது. சேதி தெரிந்து அக்காவும் தங்கையும்கூட ஆஜர்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூளைக்கா, மூளை!" என்றாள் தங்கை.

"குடுத்து வச்சவடி நீ. எங்க வீட்டுல தலை மட்டும்தான் இருக்கு" என்றாள் அக்கா.

பெரிய மாப்பிள்ளையின் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னாள்.

சின்னவன் பட்டனை அழுத்தினான். பளிச்சென்று திரை வந்தது. மூடினான். திறந்தான். எழுந்தது. அதில் ஒரு வீடியோவை ஓடவிட்டான்.

பெரிய மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டார். ஃபேன் மூச்சே விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்...

நூலகரும் குனிந்து காதை வைத்தார். முகம் மலர்ந்துபோனது.

"தம்பி, சத்தமே இல்லையேப்பா! முன்னாடி இதைத் திறந்தா மாவு மில்லு மாதிரி இரையும். படிக்க வர்றவங்க என்னைத்தான் திட்டுவாங்க. லைப்ரரிக்கு வேண்டியதே இதுதான். இதையும் எப்படிப்பா சரி பண்ணினே?"

சின்னவன் தலையைச் சொறிந்தான். "அது... தானா அமைஞ்சிருச்சு சார்."

கைதட்டல் கேட்டது. தட்டியது தங்கை இல்லை, அக்கா. இவர் தாலி கட்டிய அக்கா!

அவ்வளவுதான், பொங்கிவிட்டது. எழுதியதற்குப் பாராட்டினால் தொலையட்டும். எழுத மறந்ததற்குமா?

"தானா அமையலை சார்! ஃபேனே ஓடலை! தூங்கி எழுந்தா அதை ஓடவைக்கிற வரியையே இவன் எழுதலை!"

அக்காவின் கைதட்டல் பாதியில் நின்றது.

சின்னவன் அடிப்பக்கம் கை வைத்தான். சுரீர் என்றது. அவசரமாக அணைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே... எந்த வரின்னு வரைக்கும் தெரியுதே. அப்போ காலையில 'சரி' போட்டது?"

"அப்போ கவனிக்கலை. இப்பத்தான் தோணுச்சு."

"ஒரு இடைவெளியக்கூட விடாதவரு" என்றாள் அக்கா நிதானமாக, "ஃபேனை மட்டும் விட்டுட்டீங்களாக்கும்."

நூலகருக்கு இந்த உள்வீட்டு விவகாரம் பிடிபடவில்லை. "நல்லவேளை சொன்னீங்க, இல்லேன்னா என் மெஷின் எல்லாம் வெந்திருக்கும்! அப்படின்னா ஒண்ணு பண்ணுவோம். வேலையத் தம்பி செய்யட்டும். ஒவ்வொரு மெஷினையும் பெரியவர் பார்த்துச் 'சரி' சொன்னாத்தான் நான் எடுத்துப்பேன். இவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது போலிருக்கே!"

ஓர் அறை நிறைய லேப்டாப். அத்தனைக்கும் சகலையின் வேலையைப் பார்த்துப் பார்த்துச் 'சரி' சொல்ல வேண்டும்.

சின்னவன் உட்கார்ந்து, விட்டுப்போன வரியை அடித்து முடித்தான். இந்த முறை விசில் இல்லை, சிரிப்பும் இல்லை.

"குறையைக் கண்டுபிடிச்சவர்னு உங்க பேரைப் போட்டிருக்கேண்ணே. யார் வேணா பார்க்கலாம். காலையில 'சரி' போட்டவர் பேரும் அங்கேயேதான் இருக்கும். அதை யாராலயும் அழிக்க முடியாது."

திரையை இவர் பக்கம் திருப்பினான். "பார்த்துச் சொல்லுங்க."

அக்கா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பெரிய மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.

ஓர் இடைவெளிகூட அதிகமில்லை. படுபாவி, அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான்.