அர்ஜுனனுக்குப் போர்த்திய சால்வை

அர்ஜுனன் பீடியை விட்டதற்கு நான்தான் காரணம் என்று ஒரு வருஷம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புகையிலை ஒழிப்புக்காக நடக்கும் எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஆஸ்டின் டவுன் பகுதி என் பொறுப்பு. வீடு வீடாகப் போவேன், படிவம் நிரப்புவேன், வாய் கிழியப் பேசுவேன். 'வீட்டில் புகைபிடிப்பவர் யார்?' என்பதுதான் படிவத்தின் முதல் கேள்வி. எல்லா வீட்டிலும் ஆண்பிள்ளைகளைத்தான் காட்டுவார்கள்.

அர்ஜுனன் பெயிண்டர். நாளைக்கு இரண்டு கட்டு பீடி. செவ்வாய்க்கிழமைதோறும் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். உண்மையில் பாடுபட்டது அவர் மனைவி மங்களம். சட்டைப்பையைத் தினமும் துழாவினாள். பீடி ஆசை வந்தால் வாயில் போட்டு மெல்லுவதற்கு லவங்கம் கொடுத்தாள். பீடி இல்லாமல் அவர் எரிந்து விழுந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் காபி கொடுத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, ஒரு துண்டு புகையிலை கிள்ளி வைத்து மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் அவள் புருஷனுக்குப் புற்றுநோய்ப் படங்களைக் காட்டினேன். "உங்களுக்கு பொயில வேணாம் மேடம், தல சுத்தும்" என்று எனக்கு வெறும் வெற்றிலை மடித்துத் தந்தாள் ஒருமுறை. சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவார்களாமே, அந்த ஜாதி நான். விழுந்தது நானாக இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

1999 ஜனவரியில் மேடை போட்டு அர்ஜுனனுக்குச் சால்வை போர்த்தினோம். மங்களம் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் அர்ஜுனன் ஆபீசுக்கே வந்தார். "மேடம், அவளுக்கு வாயே தொறக்க வரல. கன்னத்துக்குள்ள புண்ணு. ஆஸ்பத்திரில சேத்துட்டேன்."

நான் போய்ப் பார்த்தபோது, மறுநாள் ஆபரேஷன். கீழ்த்தாடையில் பாதியை எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு பேச்சு எப்படி வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"ஏன் மங்களம் என்கிட்ட சொல்லல?"

"வலிச்சாத்தான மேடம் சொல்றதுக்கு?" பல்லைக் கடித்தமாதிரிதான் பேச முடிந்தது அவளால். "அவருக்கு சால்வ போட்டீங்களே, அன்னிக்கு நெனச்சேன், அடுத்து என்னை விடச் சொல்வீங்கன்னு. சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அவரே விட்டாரு, எனக்கு இன்னா?"

எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "நான் இங்க படுத்துட்டா அவரு மறுபடி பீடி புடிப்பாரு மேடம். செவ்வாக்கெழம வூட்டுக்கு வந்து பாத்துக்கறீங்களா?"

வருகிறேன் என்று சத்தியம் செய்தேன். வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உனக்கு என்ன வேண்டும் மங்களம் என்று இன்றைக்கும் நான் கேட்கவில்லை.