தடிமாடே, சாப்பிட்டியா?

என் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருமுனைக் கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, போகிற வருகிறவர்களையெல்லாம் ஒரு பிடி பிடிப்பார். "ஏ தடிமாடே, சாப்பிட்டியா?" தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், நான், எல்லாரும் தடிமாடுதான். இல்லையென்று முகம் சொல்லிவிட்டால் போதும், மேலும் நாலு திட்டு திட்டி உட்கார வைத்துச் சோறு போட்டுவிடுவார். கூச்சப்படவே நேரம் இருக்காது.

அவருடைய தம்பிதான் என் வீட்டுக்காரர். காபி கப்பில் வாசகம் அச்சடித்து விற்கிறவர். "நம்ம ஜனங்க பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டு போறோம்" என்று பெரிய கொள்கையெல்லாம் உண்டு. கொள்கை நன்றாகத்தான் இருந்தது, கப்தான் விற்கவில்லை. வேலைக்கு இருந்த பெண்களை நிறுத்த வேண்டிய நிலைமை வந்தபோது, அக்காவின் திட்டையும் முகத்தையும் கப்பில் போட்டார்.

"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"என் அக்காடீ! அவகிட்ட என்ன கேக்கறது?"

விற்றது பாருங்கள், அப்படி விற்றது! அந்தப் பெண்களின் வேலை தப்பியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் யார் யாரோ கப்பும் கையுமாகத் தையல் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "அக்கா, ஒரே ஒரு தடவை திட்டுங்க, வீடியோ எடுத்துக்கறோம்." நாத்தனாரும் முதலில் சிரித்துக்கொண்டே திட்டினார், பாவம்.

ஒரு நாள் எங்கள் தெரு பெயிண்டர் அந்தப் பக்கம் போனார். வேலையில்லாமல் முகம் வாடிக் கிடந்தது. நாத்தனார் பழக்கத்தில் குரல் கொடுத்தார். பெயிண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னக்கா, விளம்பரமா? கேமரா எங்க இருக்கு?" என்று சிரித்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

அன்றைக்கு மூடிய வாய்தான். நாத்தனார் வாயை எப்படி அடைப்பது என்று ஊரில் எத்தனையோ பேர் தவிக்கிறார்கள். என் நாத்தனார் ஒரு தடவை வாய் திறக்க மாட்டாரா என்று நான் ஏங்கினேன்.

இவருக்கும் உறைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நாத்தனார் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க."

பிறந்ததிலிருந்து 'டா' போட்டுக் கூப்பிட்டவர். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கப்பை நிறுத்திடறேன்க்கா."

"அய்யோ, வேணாம். அந்தப் பொண்ணுங்க பொழப்பு இருக்கில்ல."

"லாபத்துல உனக்கும் பங்கு..."

"எனக்கு எதுக்கு? நல்லா இருங்க."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, என்னையாவது திட்டேன்."

நாத்தனார் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, நிமிராமல் சொன்னார்.

"உங்களை எதுக்குங்க நான் திட்டப்போறேன்?"