கப்பலில் படித்து வந்த மச்சான்

பரீட்சை எழுதியது மொத்தம் மூன்றே பேர். அமராவதி முதலாவதாக வந்தாள். விருத்தாசலத்துப் பையன் ஒருவன் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவன் அவளுடைய மாமா மகன் தேவநாதன். கப்பலேறியது அவன்தான்.

அது அறுபத்தாறாம் வருஷம். அமெரிக்கக் கல்லூரி ஒன்று ஒரு பெரிய கப்பலையே வகுப்பறைகளாக மாற்றி, மாணவர்களை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பாடம் நடத்தியது. சென்னையில் ஏறி ஜப்பான் வரை போய்த் திரும்பும் நாலு மாதப் படிப்பில், சிதம்பரத்தில் அவர்கள் படித்த கல்லூரிக்கு ஓர் இலவச இடம் தந்திருந்தார்கள். அதற்குத்தான் அந்தப் பரீட்சை.

முடிவு தெரிந்த அன்று பிரின்சிபால் அமராவதியைக் கூப்பிட்டு, பெண்பிள்ளையை நாலு மாதம் கப்பலில் அனுப்பிவிட்டு நாளைக்கு ஒன்றென்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கேட்கும்போது ரொம்ப வருத்தமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டார். மேஜைமேல் கப்பல்காரர்கள் அனுப்பிய படம் கிடந்தது. அதில் மேல்தளத்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவள் அதைக் காட்டினாள். அவர்கள் வேறு என்றார் பிரின்சிபால். படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

விருத்தாசலத்துப் பையனுக்கு ஒரே பிள்ளை என்று வீட்டில் விடவில்லை. ராஜமாணிக்கம் மாமா பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். மகனுக்குக் கிடைத்த செய்தியைச் சொல்ல முழுப் பலாப்பழத்தோடு மஞ்சக்குப்பத்தில் அமராவதியின் வீட்டுக்கே வந்துவிட்டார். இடம் குடும்பத்தைவிட்டு வெளியே போகவில்லை என்று தன் உடன்பிறந்தவள் விருத்தாம்பாளிடம், அமராவதியின் அம்மாவிடம், சொல்லிச் சந்தோஷப்பட்டார். தேவநாதனுக்கும் அமராவதிக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேச்சிருந்ததால், அவன் போனாலும் அவள் போன மாதிரிதானே என்பது அவர் கணக்கு. அப்பா சடையப்பன் கலெக்டர் ஆபீஸ் கிளார்க். பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமராவதி ஒரு சுளைகூடத் தொடவில்லை.

தேவநாதன் நாலு மாதம் கழித்துத் திரும்பினான். போனபோது இருந்த வேட்டி போய் நைலான் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் டிரான்சிஸ்டர். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மாலை போட்டு அழைத்து வந்தார்கள். மறு ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் பாராட்டு விழா என்று தட்டி கட்டினார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவன் அமராவதியிடம் வந்தான்.

"ஒரு ஸ்பீச் எழுதிக் குடேன். நல்ல தமிழ்ல, அடுக்குமொழியா. உனக்குத்தான் அது வரும்."

"போனது நீங்க. நான் என்னத்த எழுதறது?"

"நோட்டெல்லாம் இருக்கு, பாத்துக்க," என்று ஒரு பையை வைத்துவிட்டுப் போனான்.

பையில் ஒன்பது பாடத்துக்கு ஒன்பது புத்தகங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை, காகித உறை அப்படியே இருந்தது. நோட்டு ஒன்றுதான். முதல் பக்கத்தில் தன் பெயரைப் பூ வேலையோடு எழுதியிருந்தான். அடுத்துப் பதினோரு நாளுக்கு ஒரே வரி: வாந்தி. சிங்கப்பூருக்கு நேரே கடிகாரக் கடைகளின் விலாசம். ஹாங்காங்கில் சட்டை அளவு. ஜப்பானில், "சோறு ஒட்டுது" என்று மட்டும். பாடம் என்று ஒரு சொல் இல்லை.

அமராவதிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அந்தப் புத்தகங்களைப் பார்த்தாள். கடல் நீரோட்டம், துறைமுகங்கள், சீன வரலாறு. சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினாள். ஒரு சொல்கூடப் பொய் எழுதவில்லை. தேவநாதன் உரையை வாங்கி, எத்தனை பக்கம் என்று மட்டும் பார்த்தான்.

விழாவில் வக்கீல் ஒருவர் தலைமை. அமராவதி பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். தேவநாதன் மைக்கைப் பிடித்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான்.

"கப்பல் கரையை நீத்த நாள் தொட்டுப் பதினோரு நாளும், தலை தூக்கிக் கடலைக் கண்டேனல்லேன்!"

கைதட்டல்.

"பேராசிரியப் பெருமக்கள் ஒன்பதின்மர் ஆற்றிய உரைகளில் ஒன்றையேனும் என் செவிகள் தீண்டித் தொல்லைப்படுத்தியதில்லை! சிங்கப்பூரின் வரலாற்றைக் கடிகாரக் கடைகளில் கற்றேன். ஹாங்காங்கின் பொருளாதாரத்தை இதோ என் மேனியில் அணிந்து வந்துள்ளேன்!"

வக்கீல் தலையை ஆட்டி ரசித்தார். அமராவதி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாராவது ஒருவர் திடுக்கிடுவார், யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார் என்று காத்திருந்தாள். முன்வரிசையில் பிரின்சிபால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செல்லும்போது எதை அறிந்திருந்தேனோ, அதில் ஒரு துளியும் கூட்டாமல் தாயகம் கொண்டுவந்து சேர்த்தேன்!"

எழுந்து நின்று தட்டினார்கள். ராஜமாணிக்கம் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட இளைஞர்கள்தான் நாட்டுக்குத் தேவை என்று வக்கீல் முடித்துவைத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை, இந்தக் கூட்டத்துக்கு இவன்தான் தேவை என்று அமராவதி நினைத்துக்கொண்டாள். யாருக்குமே உறைக்காததை இவ்வளவு பாடுபட்டு எழுதினோமே என்று தன்மேலும் ஏளனம் வந்தது.

மறுநாள் காலையில் தேவநாதன் வந்தான். படித்தவன் எவனோ டீக்கடையில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். உரைத் தாள் அவன் கையில் இருந்தது.

"நீ என்னைக் கிண்டல் பண்ணித்தான் எழுதியிருக்கியா?"

"ஆமா."

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை அவனை மதித்திருப்பாள்.

"பரவால்ல. கை தட்டுனாங்கல்ல? நெல்லிக்குப்பத்துல கூப்புட்டிருக்காங்க. அங்கயும் இதையே படிச்சிர்றேன். கல்யாணத்துக்கு அப்பறம் நீயே எல்லாம் எழுதிக் குடுத்துரு."

"கல்யாணம் இல்ல மச்சான். மாமாகிட்ட நானே சொல்றேன்."

சொல்லவும் செய்தாள். மாமா, படிக்க வைத்த பலன் இதுதான் என்று கத்திவிட்டுப் போனார். அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அந்தப் புத்தகங்களைத் திருப்பிக் கேட்டார்களா என்று விசாரித்தார். இல்லை என்றாள். அப்போ வச்சுக்க என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகும்போது சிதம்பரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அமராவதி கடல் நீரோட்டப் புத்தகத்தின் உறையைக் கிழித்தாள். ரயில் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முதல் அத்தியாயத்தை முடித்திருந்தாள்.